டோன்ட் ஹோல்ட் பேக்

வணக்கம் நேயர்களே. என்னிடம் ஆங்கிலம் பேசிப் பழக வந்த ஒரு பெண், நேர்காணல் ஒன்றில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். கேள்வி கேட்டவர் சிரித்த முகத்தோடு "ப்ளீஸ், டோன்ட் ஹோல்ட் பேக்" என்று சொன்னதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். ஹோல்ட் என்று காதில் விழுந்ததே, பஸ்ஸில் கண்டக்டர் "ஹோல்டான்" என்று குரல் கொடுத்தால் வண்டி நிற்கும் இல்லையா, அந்தப் பழக்கம்தான். அவர் சொன்னதோ நேர் எதிர்: தயங்காமல் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று.

பேக் என்றால் பின்னால் என்று பிரித்துப் பொருள் தேடினால் இது பிடிபடாது. வெளியே வரத் துடிக்கிற ஒன்று, அதை வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு கை, இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது, உதட்டைக் கடித்துக்கொண்டு கையசைக்கிற அப்பா இருக்கிறாரே, அவர் கண்ணீரை ஹோல்ட் பேக் பண்ணுகிறார். தமிழில் நாம் தண்ணீரைத் தேக்குகிறோம், அழுகையை அடக்குகிறோம், கூட்டத்தைத் தடுக்கிறோம், தெரிந்ததைச் சொல்லாமல் மறைக்கிறோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் இந்த ஒரு சொல் போதும். அதனால் எதைப் பிடித்து வைக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், சரியான தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும். அமெரிக்காவில் ஒரு பிள்ளையை ஹெல்ட் பேக் என்றால், மேல் வகுப்புக்கு அனுப்பாமல் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இறந்தகாலத்தில் இது ஹெல்ட் பேக் ஆகிவிடும்; ஹோல்டட் என்று ஒன்று கிடையாது. அப்புறம், நன்றாகப் பேசுகிறவர்களே தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'ஹோல்ட் பேக் த கிரவுட்', 'ஹோல்ட் த கிரவுட் பேக்', இரண்டும் சரி. ஆனால் கிரவுடுக்குப் பதிலாக 'தெம்' போட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'ஹோல்ட் தெம் பேக்'. 'ஹோல்ட் பேக் தெம்' என்று சொல்லவே கூடாது.

அந்தப் பெண்ணிடம் அடுத்த வகுப்பில், "வாட் இஸ் ஹோல்டிங் யூ பேக்?" என்று கேட்டேன், உன்னை முன்னேற விடாமல் தடுப்பது எது என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிராமர் பயம் சார்" என்றாள், அப்புறம் அந்தப் பயத்தைப் பற்றியே பத்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினாள். பிழைகள் இருந்தன, நான் குறுக்கிடவில்லை.