அருகிவரும் மொழிகள் பற்றிய கட்டுரை: சக மாணவருக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

[திரையில்: அச்சிட்ட கட்டுரை, ஓரத்தில் பென்சில் குறிப்புகள்]

"நல்லா இருக்கு, இன்னும் விளக்கமா எழுதலாம்." நண்பரின் கட்டுரை ஓரத்தில் இப்படி எழுதிக் கொடுத்தால் அவரால் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. எழுத்துப்பிழைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சொல்லப்பட்ட தகவல் நிற்குமா என்பதுதான் முதல் வேலை.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். இரண்டாம் வாசிப்பில் எல்லா எண்களையும், 'அழிந்தது', 'கடைசி' போன்ற சொற்களையும் வட்டமிடுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

[திரையில்: "மாங்க்ஸ் மொழி 1974-இல் அழிந்துவிட்டது."]

ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவின் மொழி மாங்க்ஸ். அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களில் கடைசியானவராகக் கருதப்படும் நெட் மாட்ரல் 1974-இல் இறந்தார். ஆண்டு சரி, முடிவுதான் தவறு. அவர் பேச்சு அதற்கு முன்பே ஒலிப்பதிவாகியிருந்தது. அவரைப் போன்ற முதியவர்களிடம் மொழியைக் கற்றவர்களும் இருந்தார்கள். பின்னர் மாங்க்ஸ் வழியில் பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளியே வந்தது. யுனெஸ்கோ 2009-இல் இதை அழிந்த மொழி என்று அறிவித்தபோது அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மாங்க்ஸிலேயே மறுப்புக் கடிதம் எழுதினார்கள். வகைப்பாடு மாறியது.

[திரையில்: ஓரக்குறிப்பு எழுதப்படுகிறது]

"இது தப்பு" என்று மட்டும் எழுதினால் நண்பர் வரியையே அடித்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "'அழிந்துவிட்டது' என்றதும் இன்று யாருமே பேசுவதில்லை என்று புரிந்துகொண்டேன். தாய்மொழியாகப் பேசிய தலைமுறை முடிந்ததைச் சொல்கிறாயா? பிறகு கற்றவர்களை எங்கே சேர்ப்பாய்?" எந்த வரி, வாசிப்பவருக்கு என்ன புரிந்தது, எதைத் தேட வேண்டும், மூன்றும் இதில் இருக்கின்றன.

எண்களுக்கு வருவோம். "5,000 பேர்" என்று இருந்தால், அது அந்த இனத்தின் மக்கள்தொகையா, மொழியைப் பேசுவோரா? எந்த ஆண்டுக் கணக்கு? மக்கள்தொகையும் பேசுவோர் எண்ணிக்கையும் அடிக்கடி கலந்துவிடும். அதோடு, எண்ணிக்கை மட்டும் மொழியின் நிலையைச் சொல்லாது. மொழியின் நிலையை மதிப்பிட யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003-இல் வகுத்த 9 காரணிகளில், மொழி அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்பது முதலில் வருகிறது. பேசுவோர் பல்லாயிரம் பேர் இருந்தாலும், வீட்டில் குழந்தைகள் கற்கவில்லை என்றால் ஆபத்துதான். கட்டுரையில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதைக் கட்டாயம் கேளுங்கள்.

"மக்கள் தங்கள் மொழியைக் கைவிட்டார்கள்" என்ற வரியை மட்டும் எளிதில் விட்டுவிடாதீர்கள். பள்ளியில் தாய்மொழி பேசியதற்குத் தண்டனை, நிலத்திலிருந்து வெளியேற்றம், வேலைக்கு வேறு மொழி கட்டாயம் என்று காரணம் வேறெங்கோ இருக்க, அந்த வாக்கியம் பழியைப் பேசுபவர்கள் மேல் போடுகிறது. "கைவிட வைத்தது எது, யார்?" என்று ஓரத்தில் எழுதுங்கள்.

ஒரு கட்டுரைக்கு இப்படி மூன்று குறிப்புகள் போதும். பன்னிரண்டு எழுதினால், திருத்த எளிதானவற்றை மட்டும் திருத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள்.