முகத்தைக் கிழிக்காதீர்கள்

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அச்சக உரிமையாளர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டுவிட்டு இப்போது உட்கார இடமில்லாமல் நிற்கும் வாசகர் வட்டத் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள்க.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். காமிக்ஸில் முகம் என்பது அட்டை, அகம் என்பது உள்பக்கம். பல நேரம் முகம் ஒருவர் கை, அகம் இன்னொருவர் கை. இதுபற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

முதலாவது, அட்டை பத்தடி தூரத்தில் போகிறவனை நிறுத்தவேண்டும். உள்பக்கம் நிறுத்தினால் கதை போச்சு. கண் கட்டம் கட்டமாக ஓடவேண்டும். இங்கிலாந்து காமிக்ஸ் ஓவியர் பிரையன் போலண்ட் ஒவ்வொரு கோட்டையும் செதுக்குபவர். 1988இல் 'தி கில்லிங் ஜோக்' என்ற பேட்மேன் கதை முழுவதையும் வரைந்தார். அதன்பின் பெரும்பாலும் அட்டைகள்தான். அந்த நுணுக்கத்தில் மாதாமாதம் ஒரு இதழ் என்றால் கை என்னாவது? 'சாண்ட்மேன்' என்ற காமிக்ஸ் தொடரின் 75 இதழ்களுக்கும் அட்டை போட்டவர் டேவ் மெக்கீன் என்ற ஓவியர். புகைப்படமும் ஓவியமும் ஒட்டுவேலையும் கலந்த அட்டைகள். உள்ளே வரைந்தவர்கள் வேறு பலர்.

நம் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. உள்ளே ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகள். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அந்த ஒற்றைக் கையையே நடிக்க வைத்தார் மனிதர்!

இங்கே என் கதை ஒன்று. எட்டு வயதில், எங்கள் தெரு வாடகைப் புத்தகக் கடையில் ஒரு காமிக்ஸ். அட்டையில் புலி பாய்கிறது. பத்துப் பைசா கொடுத்து வாங்கிப்போய்ப் புரட்டினால் புலியைக் காணோம். பூனைகூட இல்லை. திரும்ப ஓடி, "அண்ணாச்சி, புலி எங்கே?" என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "படிச்சிட்டியா?" என்றார். "படிச்சிட்டேன்." "நல்லாயிருந்துச்சா?" "ம்." "அப்ப புலி வேலையை முடிச்சிட்டுப் போயிடுச்சு. அடுத்த புத்தகத்துக்குப் பத்துப் பைசா எடு." எடுத்தேன். அதிலும் புலி இல்லை! அகத்தின் அழகு முகத்தில் தெரியவில்லை, ஆனாலும் அந்த முகந்தானே என்னை உள்ளே இழுத்தது?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற இரண்டு செய்திகளும் கிடக்கட்டும், என் வழக்குக்கு வருகிறேன். ஒரு நூலகத்துக்கு நான் கொடுத்த நாற்பது இதழ்களை அட்டை கிழித்து பைண்டு செய்துவிட்டார்கள். கேட்டால், "கதை முழுசா இருக்கே சார்" என்கிறார்கள். முகம் எங்கே ஐயா? அட்டையோடு சேர்த்தே தைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். தாள் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிடுங்கள்.