மாலை கழற்றிய மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குத் தை மாதம் பிறந்தால் ஒரே கதையைப் பலர் வாயால் கேட்க நேரும். சபரிமலைக்குப் போய்விட்டு வந்தவர்கள் இருமலோடு வருவார்கள். "சிகரெட் உண்டா?" என்று கேட்பேன். "மாலை போட்டிருந்தவரை தொடவே இல்லை சார், இப்போதுதான்..." என்று இழுப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவி, "மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்" என்று முடித்துவைப்பார்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ அந்த மனிதர் மேல் மரியாதைதான் வருகிறது. பல ஆண்டுகள் புகைத்தவர் 41 நாள், சிலர் 48 நாள், மாத்திரை மருந்து எதுவும் இல்லாமல் சும்மா இருந்திருக்கிறார். எந்த உதவியும் இன்றித் தாமாகவே நிறுத்துபவர்களில் ஆறு மாதம், ஓராண்டு என்று தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். அப்படிப்பட்ட பழக்கத்தை இவர் ஒரு மண்டலம் கட்டிப்போட்டாரே, எப்படி?

புகையை உள்ளிழுத்த பத்து இருபது விநாடிகளுக்குள் நிகோடின் மூளையைத் தொட்டுவிடுகிறது. நிறுத்தினால் மூளை சண்டைக்கு வரும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுதல், அகோரப் பசி எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடுமை. பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரங்களில் இவை அடங்கிவிடும். அப்படியானால் மலையிலிருந்து திரும்பியவரின் உடம்பு சிகரெட்டைக் கேட்பது ஏறக்குறைய நின்றுபோயிருக்க வேண்டும். பிறகு அன்று சாயங்காலம் அவரைக் கடைக்கு இழுத்துப் போனது எது?

மாலை போட்ட நாளிலிருந்து அவர் பெயரே மாறிவிடுகிறது. எல்லோருக்கும் அவர் 'சாமி'. கூட்டாளிகள் அவர் முன்னால் பற்றவைக்கக் கூசித் தள்ளிப் போகிறார்கள். பெட்டிக்கடைக்காரர், அவரே கேட்டாலும் சிகரெட்டை எடுத்துக் கொடுக்கத் தயங்குவார். விடியுமுன் குளியல், மாலையில் பஜனை, இரவில் வெறும் பாய். மது கிடையாது. பழைய நாளில் சிகரெட் உட்கார்ந்திருந்த இடங்களில் எல்லாம் இப்போது வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பக்தியைச் சுற்றி ஊரே வேலி கட்டிக் கொடுக்கிறது என்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று அந்த வேலி மொத்தமும் ஒரே நாளில் பிரிக்கப்படுகிறது. அவர் அதே கடை வாசலில், கயிற்றில் கட்டித் தொங்கும் அதே லைட்டர் அருகே நிற்கிறார். ரமலான் நோன்பில் பகல் முழுவதும் புகையின்றி இருப்பவர்கள் பலர் நோன்பு திறந்ததும் பற்றவைப்பதும் இதே கதைதான்.

ஆகவே என்னிடம் வருபவர்களிடம் "மன உறுதி வேண்டும்" என்று நான் சொல்வதில்லை. அந்த நாட்களில் எது உங்களைத் தாங்கியது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்பேன். பதில் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

ஒரு கொத்தனார் சொன்னது மறக்க முடியாதது. "பீடி பிடிப்பவன் சாரத்திலிருந்து இறங்கி உட்கார்ந்தால் மேஸ்திரி ஒன்றும் கேட்க மாட்டார் சார். பிடிக்காதவன் உட்கார்ந்தால், ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்பார்." அவருக்குப் பீடி என்பது ஓய்வு எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு. மாலை போட்டிருந்தபோது, 'சாமி கொஞ்சம் உட்காரட்டும்' என்று மேஸ்திரியே விட்டிருக்கிறார். இந்த மனிதருக்குப் புற்றுநோய்ப் படத்தைக் காட்டி என்ன பயன்? மேஸ்திரியிடம் பேசி, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் மோர் குடிக்க உட்காரலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார். எங்கள் பிரிவில் எழுதித் தரும் எந்தச் சீட்டையும்விட அது அவருக்கு உதவியது.

அடுத்தது தேநீர். இதைப் பலர் அறிவதில்லை. சிகரெட்டோ பீடியோ, புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ, காபியில் இருக்கும் காஃபீனை வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். அதே நாலு டம்ளர் டீ இப்போது உடம்பில் அதிக நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கக் கேட்டையும் தரும். அவர் அதைச் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணி மறுபடி பற்றவைப்பார். நிறுத்தும் வாரத்தில் டீயைப் பாதியாகக் குறையுங்கள். முடிந்தால் கடையையே மாற்றுங்கள். வீட்டில் குடித்தால் இன்னும் நல்லது.

காலைக்கடன் விஷயம் வானொலியில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். "ஒன்று பற்றவைத்தால்தான் வயிறு இறங்கும்" என்று பலரும் மெல்லிய குரலில் சொல்கிறார்கள். அது முழுக்கக் கற்பனை அல்ல. நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மை. நிறுத்தியதும் சிலருக்கு மலச்சிக்கல் வரும். சில வாரங்களில் குடல் பழகிவிடும். அதுவரை எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழம், சாப்பாட்டில் கீரை, கொஞ்சம் நடை. இந்த ஒரு காரணத்துக்காகத் தோற்றுப்போனவர்கள் அநேகம் பேர்.

வேலி கட்டியும் உடம்பு அடம்பிடித்தால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத ஸ்வீடன் மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிச் சமாளித்ததைப் பார்த்து, 1960களின் இறுதியில் அந்நாட்டில் உருவாகத் தொடங்கியது அது. நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் பலர் அதைச் சாதாரண மிட்டாய் போல மென்று விழுங்கிவிட்டு, "விக்கல்தான் வந்தது" என்று தூக்கிப் போடுகிறார்கள். நாலைந்து தடவை மெதுவாக மெல்லுங்கள். வாயில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம். அவற்றின் புளிப்பு நிகோடினை வாய் உறிஞ்சவிடாது. மாத்திரைகளும் உண்டு, அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். மனநலத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர்கள், நிறுத்தப் போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

"எனக்கு வயதாகிவிட்டது, இனி நிறுத்தி என்ன?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டனில் 1951ஆம் ஆண்டு தொடங்கி, மருத்துவர்களின் புகைப்பழக்கத்தையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 40 வயதில் நிறுத்தியவர்கள் அந்தப் பத்தில் ஒன்பது ஆண்டுகளை மீட்டார்கள். 50இல் நிறுத்தியவர்கள் ஆறு. 60இல் நிறுத்தியவர்களுக்கும் மூன்று கிடைத்தது. அறுபதுக்கு மேல் மூன்று ஆண்டு என்பது ஒரு பேரக்குழந்தை நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்ளும் காலம்.

ஒன்றைப் பற்றவைத்துவிட்டால்? மாலையோடு தவறினால் விரதமே முறிந்தது என்று நினைக்கிறோம். இங்கே அப்படிக் கணக்கு வைக்கக் கூடாது. ஒரு சிகரெட் ஒரு சிகரெட்தான். பாக்கெட்டில் மிச்சம் இருப்பதைக் கசக்கிப் போட்டுவிட்டு, அது எங்கே, யாரோடு, எந்த வேளையில் நடந்தது என்று மட்டும் குறித்துவையுங்கள். வேலியில் எங்கே ஓட்டை என்பது அதில் தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: தினமும் சட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள். முதல் வாரத்தில் அவர் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தால், அது நிகோடின் போடும் கூச்சல் என்று விட்டுவிடுங்கள்.

நான் அதிகம் கேட்கும் ஓட்டை, துக்க வீடு. பந்தலில் உட்கார்ந்தவுடன் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலையோடு பீடிக்கட்டும் சிகரெட்டும் தீப்பெட்டியும் வரும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. மாதக்கணக்கில் விட்டிருந்தவர்கள், நீட்டும்போது மறுப்பது மரியாதை இல்லை என்று எடுத்துவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள்: அந்தத் தாம்பாளத்தை நிறுத்திவிடுங்கள். வந்தவர்களுக்குத் தண்ணீரும் காபியும் போதும். இறந்தவருக்கு அதில் ஒரு குறையும் வராது.

நிறுத்த நினைப்பவர்கள் மத்திய அரசின் இலவசத் தொலைபேசியில் ஆலோசகரோடு பேசலாம். தமிழிலேயே பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த எண்ணை அச்சிட்டுத்தான் விற்கிறார்கள். புகைப்பவர் கையிலேயே இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்: 1800-11-2356. மறுபடியும் சொல்கிறேன்: 1800-11-2356.

வணக்கம்.