சேப்பாக்கம், எதிரே பம்பாய்: என்னுடைய தமிழ்நாட்டு ஆல்டைம் லெவன்

வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஈரோட்டிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு முழுக்கக் கிரிக்கெட்தான். ஆல்டைம் லெவன், அதாவது எல்லாக் காலத்து ஆட்களிலிருந்தும் பொறுக்கிய பதினொரு பேர், எடுக்கப் போகிறோம். உலக லெவன் வேண்டாம். அதை யார் போட்டாலும் பாதிப் பேர் ஒரே ஆட்களாகத்தான் இருப்பார்கள். 2000இல் விஸ்டன் என்கிற கிரிக்கெட் ஆண்டு மலர் 100 பேரைக் கூப்பிட்டு, நூற்றாண்டின் ஐந்து வீரர்கள் யார் என்று கேட்டது. பிராட்மேனுக்கு 100 ஓட்டும் விழுந்தது, சோபர்ஸுக்கு 90. டெஸ்டில் 99.94 சராசரி வைத்திருக்கிற மனிதரை வைத்து என்ன சண்டை போட முடியும்? நமக்குச் சண்டை போட வேறு அணி இருக்கிறது. தமிழ்நாடு.

பெருந்துறை ரோட்டில் நாங்கள் கூடுகிற பேக்கரியில் இந்தப் பேச்சை எடுத்தால் கடை சாத்துகிற வரைக்கும் ஓடும், முடிவுக்கு மட்டும் வராது. ஒருவர் மனதில் வேகப்பந்துக்கு உதவுகிற பெர்த் பிட்ச் இருக்கும், இன்னொருவர் மனதில் ஐபிஎல் இருக்கும், மூன்றாவது ஆள் மொத்த ரன்னை மட்டும் பார்ப்பார். எந்த மைதானம், எதிரே யார், எத்தனை நாள் ஆட்டம் என்று சொல்லாமல் டீம் எடுத்தால் எப்படி முடிவுக்கு வரும்? உலகத்தில் எந்த செலக்டரும் அப்படி எடுப்பதில்லை. அதனால் நான் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். ஆட்டம் சேப்பாக்கத்தில். ஐந்து நாள். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே பந்து திரும்பும். எதிரே பம்பாய் ஆல்டைம் லெவன்.

பம்பாயோடு நமக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பையின் 1972-73 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. பம்பாய் 151, தமிழ்நாடு 80. அப்புறம் பம்பாய் 113, தமிழ்நாடு 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்துவிட்டது. சுழற்பந்துக்குப் பேர்போன நம்மை, நம் மைதானத்திலேயே ஒரு இடதுகை ஸ்பின்னர் சுருட்டிவிட்டுப் போனார். பத்மாகர் சிவால்கர். முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஆட்டம்தான். ஆனாலும் அந்த ஸ்கோர்கார்டைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த சிவால்கர் இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. இந்திய அணியில் இடதுகை ஸ்பின்னர் பிஷன் சிங் பேடி இருந்த காலத்தில் இன்னொரு இடதுகை ஸ்பின்னருக்கு வழியே கிடையாது. டெஸ்ட் ஆடியவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சிவால்கர் இல்லாத பம்பாய் அணியைப் போட்டுக் காட்டினால், அன்றைக்கு மட்டை பிடித்து நின்ற நம் ஆட்கள் யாராவது ஒத்துக்கொள்வார்களா? யாருக்குப் பின்னால் வரிசையில் நின்றார் என்பதுதான் பல பேருடைய தலையெழுத்தாக இருந்திருக்கிறது. நம் பக்கமும் அப்படித்தான். லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்.

எங்கள் பேக்கரிக்கு ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வருவார். என் பட்டியலில் ஏ.ஜி. ராம்சிங் பெயரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கண்ணில பார்க்காத ஆளை எதை வெச்சு எடுப்பீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நான் எடுத்தது இதை வைத்துத்தான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன், ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன்னுக்கு 11 விக்கெட். இடதுகை ஸ்பின், மட்டையும் பிடிப்பார். நான் கேட்பது சேப்பாக்கத்தில் விக்கெட் எடுக்கிற வேலை. அதே மைதானத்தில் அதை அவர் செய்து காட்டிவிட்டார். அவருக்கும் டெஸ்ட் தொப்பி இல்லை. சிவால்கருக்கு எதிரே நம் பக்கம் நிறுத்த இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா சரி, ஏழாவது எடத்துல இறக்குங்க" என்றார். அப்படியே இறக்கியிருக்கிறேன்.

அவருடைய மகன் கிருபால் சிங்கும் என் அணியில் உண்டு. 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக, முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 அடித்தவர். வலதுகைக்காரருக்கு உள்ளே திரும்புகிற ஆஃப் ஸ்பின்னும் போடுவார். அப்பாவும் மகனும் ஒரே லெவனில் இறங்குவது ஆல்டைம் அணியில்தான் நடக்கும். அந்தச் சந்தோஷத்தை நான் விட்டுவிடத் தயாராக இல்லை.

சரி, ஓப்பனிங். முரளி விஜய்க்கு விவாதமே வேண்டாம். 61 டெஸ்ட், 12 சதம். இன்னொரு பக்கம் யார் என்பதில்தான் எனக்கும் எங்கள் கூட்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை. பாதிப் பேர் சடகோபன் ரமேஷ் என்கிறார்கள். 1999 டெல்லி டெஸ்டில் கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் ரமேஷ் 60, 96 என்று அடித்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நல்ல ஆட்டக்காரர், இடதுகை வேறு. ஆனாலும் நான் ஸ்ரீகாந்தைத்தான் எடுக்கிறேன். இது 80க்கும் 61க்கும் சுருண்டு போகிற பிட்ச். இங்கே நாலு மணி நேரம் நின்று 40 எடுப்பதைவிட, முதல் மணி நேரத்திலேயே 40 எடுத்துவிட்டு அவுட் ஆவது பெரிய உதவி. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எடுத்ததே 183தான். ஹோல்டிங், மார்ஷல், ராபர்ட்ஸ், கார்னர் நாலு பேருக்கும் எதிரே ஸ்ரீகாந்த் அடித்த 38தான் இரண்டு அணியிலும் சேர்த்து அந்த ஆட்டத்தின் அதிகபட்ச ஸ்கோர். ரன் குறைவாக வருகிற ஆட்டத்தில் அடித்து ஆடுகிறவருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூன்றில் பத்ரிநாத். இரண்டே டெஸ்ட்தான் கிடைத்தது, ஆனால் முதல்தர கிரிக்கெட்டில் 10,000 ரன்னுக்கு மேல். நாலில் டபிள்யூ.வி. ராமன். சிவால்கர் பந்து வலதுகைக்காரர்களுக்கு வெளியே திரும்பும், இடதுகைக்காரருக்கு உள்ளே வரும். அந்த ஒரு மாற்றம் நடுவில் கட்டாயம் வேண்டும். ஐந்தில் கிருபால். ஆறில் தினேஷ் கார்த்திக், அவரேதான் கீப்பர். கோவைக்காரர்கள் ஜெகதீசனை விட்டுவிட்டாயே என்று கோபப்படுவீர்கள். 2022 விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பையில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277, அன்றைக்கு அது உலக சாதனை. எனக்கும் பெருமைதான். ஆனால் அது ஒருநாள் ஆட்டம். அவருக்கு வேறு அணியில் இடம் வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

ஸ்பின். அஸ்வின், 537 டெஸ்ட் விக்கெட், ஆறு சதம். 2024 செப்டம்பரில் இதே சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 அடித்துவிட்டு, ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். அடுத்து வெங்கட்ராகவன், 57 டெஸ்ட், 156 விக்கெட். இரண்டு ஆஃப் ஸ்பின்னர் எதற்கு என்று கேட்காதீர்கள், காரணம் வருகிறது. லெக் ஸ்பின்னுக்கு வி.வி. குமாரா, சிவராமகிருஷ்ணனா? 1984இல் பம்பாயில் இங்கிலாந்தை 12 விக்கெட் எடுத்து வீழ்த்தினாரே, அந்தப் பதினெட்டு வயதுச் சிவா. அந்த ஒரு ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் அவர்தான். ஆனால் வருஷக் கணக்கில் ரஞ்சியில் மூட்டை மூட்டையாக விக்கெட் எடுத்தவர் குமார். குமாரையே எடுத்துவிட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரே ஒரு வேகப்பந்து வீச்சாளர்தான் எடுக்க முடியும். ரங்காச்சாரி இருக்கிறார், கோபாலன் இருக்கிறார். பாலாஜி இருக்கிறார், 2004இல் ராவல்பிண்டியில் ஏழு விக்கெட் எடுத்தவர். எட்டு டெஸ்ட் ஆடியிருக்கிறார். நான் எடுப்பது நடராஜனை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி. ஒரே ஒரு டெஸ்ட்.

நம்ம ஊர்ப் பாசம் என்று சொல்வீர்கள். பாசம் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அணியில் எடுத்தது அதனால் இல்லை. பம்பாய் பேட்டிங்கைப் பாருங்கள். கவாஸ்கர், மெர்ச்சன்ட், வெங்சர்க்கார், சச்சின், உம்ரிகர், எல்லாருமே வலதுகை. அதிலும் கவாஸ்கர் 1983இல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 236 அடித்தது இதே சேப்பாக்கத்தில். சச்சின் 1998இல் ஆஸ்திரேலிய ஸ்பின்னர் வார்னை எதிரே வைத்துக்கொண்டு 155 அடித்ததும் இங்கேதான். இவர்களுக்குச் சேப்பாக்கம் சொந்த வீடு மாதிரி. வெறும் டர்ன் போதாது.

நடராஜன் இடதுகை. இடதுகை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் த விக்கெட்டில், அதாவது பந்து போடுகிற கை ஸ்டம்ப் பக்கம் இருக்கிற மாதிரி, ஓடி வந்து போட்டால், பந்தை விட்ட பிறகு அவருடைய ஸ்பைக்ஸ் பிட்சைக் கிளறுகிற இடம் எது தெரியுமா? அதே முனையில் நிற்கப்போகும் வலதுகைக்காரருடைய ஆஃப் ஸ்டம்புக்கு, அதாவது அவர் மட்டை இருக்கிற பக்கத்து ஸ்டம்புக்கு, வெளியே. நடராஜன் ஒரு முனையிலிருந்து காலையில் ஏழெட்டு ஓவர், சாயங்காலம் ஏழெட்டு ஓவர் போட்டாலே போதும், அங்கே மண் பெயர்ந்துவிடும். மறுநாள் எதிர்முனையிலிருந்து அஸ்வினும் வெங்கட்டும் அந்த இடத்திலேயே பந்தைக் குத்துவார்கள். ஒன்று சட்டென்று உள்ளே வரும், ஒன்று எகிறும், ஒன்று அப்படியே நேராகப் போகும். சச்சினே ஆனாலும் ஒவ்வொரு பந்துக்கும் யோசிக்க வேண்டும். இரண்டு ஆஃப் ஸ்பின்னர் எதற்கு என்று இப்போது புரிகிறதுங்களா? பாலாஜி வலதுகை. இந்த வேலையை அவரால் செய்ய முடியாது.

அந்த ஒரு டெஸ்டையும் சும்மா ஒன்று என்று தள்ளிவிட வேண்டாம். 2021 ஜனவரி, பிரிஸ்பேன். பயிற்சியில் மட்டும் பந்து போடுகிற நெட் பௌலராகப் போனவர், அடுத்தடுத்துக் காயம்பட்டவர்களுக்குப் பதிலாக இறங்கி, 108 அடித்து நின்ற லபுஷேனை வெளியேற்றினார். வேட், ஹேசல்வுட்டோடு சேர்த்து மூன்று விக்கெட். அந்த டெஸ்டை ஜெயித்துத்தான் இந்தியா தொடரையே கைப்பற்றியது.

மட்டைக்காரரின் காலடியில் குத்துகிற அவருடைய யார்க்கர் எங்கிருந்து வந்தது என்று நம்ம பக்கத்து டோர்னமெண்ட் ஒன்றைப் பார்த்தாலே தெரியும். அறுவடை முடிந்த மேட்டுக்காட்டில், காய்ந்து இறுகின மண்ணில் டென்னிஸ் பால் ஆட்டம். பந்தைக் கொஞ்சம் குட்டையாகக் குத்தினால் நெஞ்சு உயரத்துக்கு வரும், அடித்தால் தென்னந்தோப்பைத் தாண்டிவிடும். நேர் பவுண்டரி நாற்பது அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். கடைசி ஓவர் போடுகிற பையனுக்குத் தப்பிக்க ஒரே வழி, மட்டைக்கடியில், ஷூ நுனியில் போடுவதுதான். ஸ்விங் கிடையாது, பந்தில் தையல் கிடையாது, வேகமும் இடமும் மட்டும்தான். இருபது வயது வரைக்கும் நடராஜன் ஆடியது இந்த ஆட்டம். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானதும் பௌலிங் ஆக்ஷனில் சந்தேகம் என்றார்கள். ஆக்ஷனையே மாற்றிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கடைசியில் இறங்குகிற டெயிலெண்டர் ஒருவர் 30 அடித்துக்கொண்டு நம்மைப் படுத்துகிற நாலாம் நாள் சாயங்காலத்தில், என் கையில் பந்து இருந்தால் நான் அவரிடம்தான் கொடுப்பேன்.

கேப்டன் வெங்கட்ராகவன். வாசுதேவனைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 33 வருஷம் கழித்து 1987-88இல் ரஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்த கேப்டன் அவர், அவரும் டெஸ்ட் ஆடாத இடதுகை ஸ்பின்னர். அவரை வெளியே வைத்ததுதான் இந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பக் கஷ்டமான முடிவு. ராம்சிங் மட்டையும் பிடிப்பார் என்ற ஒரே காரணம்தான். பன்னிரண்டாவது ஆள் வாஷிங்டன் சுந்தர்.

டாஸ் ஜெயித்தால் யோசிக்காமல் பேட்டிங். முதல் இன்னிங்ஸில் 220 வந்தால் இந்தப் பிட்சில் போதும் என்பது என் கணிப்பு. வாத்தியார் 180 போதும் என்கிறார். நீங்கள் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? அப்புறம், ராமனுக்குப் பதிலாக வாஷிங்டனை எடுக்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் இன்னும் விடாமல் நிற்கிறார்கள். வாஷிங்டனும் இடதுகை பேட்டிங்தான் என்பதால் அதை நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த வீடியோவில் ஒருநாள் அணி, கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில். ஜெகதீசன் ஓப்பனிங். எதிரணி யார் என்று நீங்களே சொல்லுங்கள். வரட்டுங்களா.