மலையேறிப் பார்க்க வேண்டிய துறைமுகம்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்கொரியா போகிறவர்கள் பலர் சியோலோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் போனால் புசான். 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர். அந்நாட்டின் மிகப் பெரிய துறைமுகம்.

எல்லோரும் உங்களை ஹேயுந்தே கடற்கரைக்குத்தான் அனுப்புவார்கள். நல்ல கரைதான், சாயங்காலம் போய்க்கொள்ளலாம். முதலில் மலைப்பக்கம் போங்கள்.

1950இல் கொரியப் போர் மூண்டபோது வடகொரியப் படையிடம் விழாமல் எஞ்சிய மூலையில் இருந்தது புசான். அதுவே தற்காலிகத் தலைநகரானது. லட்சக்கணக்கில் அகதிகள் வந்து இறங்கினார்கள். தட்டையான நிலம் குறைவு என்பதால் மலைச்சரிவுகளில் கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அமி-தொங் என்ற பகுதியில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்து இடுகாட்டின் மீதே வீடுகள் எழும்பின. கல்லறைக் கற்களே அஸ்திவாரம், கல்லறைக் கற்களே படிக்கட்டு. இன்றும் சில சுவர்களின் அடியில் அவற்றைக் காணலாம். உயிர் பிழைக்க வந்தவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும். இப்போதும் குடும்பங்கள் வாழும் தெரு அது. தயவுசெய்து ஜன்னல்களுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். வண்ணம் பூசிய வீடுகளால் புகழ்பெற்ற கம்ச்சொன் கிராமம் பக்கத்திலேயே இருக்கிறது.

கீழே இறங்கினால் 1934இல் திறந்த யங்தோ பாலம். வழியில் பிரிய நேர்ந்தால் இங்கே சந்திப்போம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் எத்தனையோ! கப்பலுக்கு வழிவிட ஒரு பக்கம் தூக்கும் பாலம் இது. 1966இல் தூக்குவதை நிறுத்தினார்கள். 2013இல் மீண்டும் தொடங்கினார்கள். நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

அருகில்தான் ஜகல்ச்சி மீன் சந்தை. கீழ்த்தளத்தில் உயிரோடு நீந்தும் மீனைக் காட்டினால் மாடியில் சமைத்துத் தருவார்கள். மீன் வேண்டாமென்றால் மில்ம்யன் என்ற குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிடுங்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள், தங்கள் ஊர்ப் பக்குவத்துக்கான மரக்கோதுமை (பக்வீட்) கிடைக்காமல், நிவாரணமாக வந்த கோதுமை மாவில் செய்து பழகிய உணவு.

ஐ.நா. நினைவுக் கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கொரியப் போரில் ஐ.நா. சார்பில் போரிட்ட 2,300க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். அந்தப் போரில் இந்தியா அனுப்பியது மருத்துவர்களை. ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் ராணுவத்தின் 60ஆவது கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் வந்திறங்கியது இதே துறைமுகத்தில்தான். மெட்ரோ இரண்டாம் தடத்தில் தேயொன் நிலையத்தில் இறங்கினால் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை.

நன்றி, வணக்கம்.