தொட்டிக்குள் இறங்கும் முன்: இரண்டாவது ஆள் ஏன் விழுகிறார்?

[திரையில்: தோல் ஆலையின் பின்பக்கம். கான்கிரீட் தொட்டி, திறந்த மேன்ஹோல், பக்கத்தில் வாளியும் கயிறும்.]

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கத்துத் தோல் ஆலைகளில் கழிவுநீர் வந்து சேர இப்படி ஒரு தொட்டி இருக்கும். அடியில் சேறு கட்டினால் பம்ப் இழுக்காது. "பத்து நிமிஷ வேலை, அள்ளிட்டு வா" என்று ஒருவரை இறக்குவார்கள். அவர் விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எச்சரித்தது.

[திரையில்: சுண்ணாம்புக் குழி, டிரம், இரண்டு வடிகால் குழாய்கள்.]

ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறோம் அல்லவா, அதிலிருந்து வருவது. தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9க்கு மேல் இருக்கும்வரை சல்ஃபைடு கரைசலிலேயே அடங்கிக் கிடக்கும். 7க்கு இறங்கினால் ஏறக்குறைய பாதி, வாயுவாக வெளியேறத் தயாராகிவிடும். பிக்கிள் (தோலை அமிலத்தில் ஊறவைப்பது), குரோம் (தோலைப் பதனிடும் குரோமிய உப்பு) டிரம்மின் அமிலத் தண்ணீர் அதே தொட்டியில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்பு லைனையும் குரோம் லைனையும் தனித்தனியாக விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவும் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். அதைவிட முக்கியம், பெரும்பகுதி சேற்றுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். மண்வெட்டி இறங்கியதும் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி மொத்தமும் கிளம்பும். மூடி திறந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது, ஆள் இறங்கிய ஐந்தாவது நிமிடம் விழுந்தார் என்றால் மீட்டர் பொய் சொல்லவில்லை. அளந்த நேரம் தப்பு.

[திரையில்: எண்கள் ஒவ்வொன்றாக.]

வேலை செய்யும் இடத்தில் 8 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 10 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு). 100ஐத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். அழுகிய முட்டை வாடை தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்ற பேச்சு வருவது இங்கேதான். 500க்கு மேல் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சுதான்.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் 16 சதவீதம் வரை குறைந்தால்தான் அது அணையும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதைக் காட்டவே காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஈரத்துண்டும் தூசி முகமூடியும் இங்கே உதவாது.

[திரையில்: சேறு உறிஞ்சும் லாரி.]

முதல் கேள்வி: ஆள் இறங்காமல் முடியுமா? உறிஞ்சு லாரி, சேற்றுப் பம்ப், மேலிருந்தே பீய்ச்சும் தண்ணீர் ஜெட் இவற்றில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். லாரி வாடகையைக் கணக்குப் பார்க்கும் இடம் இது இல்லை.

முடியாவிட்டால் முந்தைய நாளே உள்ளே வரும் குழாயை மூடுங்கள். வால்வை மட்டும் நம்பக் கூடாது. ஃபிளேஞ்சை (குழாய்களை போல்ட்டால் இணைக்கும் வளையத்தை) கழற்றி அடைப்புத் தகடு போடுங்கள். பம்ப், மிக்ஸர் ஸ்டார்ட்டரை ஆஃப் செய்து பூட்டுங்கள். சாவி இறங்குபவர் பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேசையில் அல்ல.

அடுத்தது காற்று. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம் என்றால் 30 கன மீட்டர். மணிக்கு 600 கன மீட்டர் தள்ளும் புளோயர் 3 நிமிடத்தில் ஒரு கொள்ளளவுக் காற்றைத் தள்ளும். தொட்டிக் காற்றை ஏழு முறை மாற்ற 21 நிமிடம். அரை மணி ஓட்டுங்கள். குழாயின் வாய் சேற்றிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். மேன்ஹோல் வாயிலேயே வைத்தால் காற்று மேலேயே சுற்றிவிட்டுத் திரும்பும். ஜெனரேட்டர் புகை பக்கத்தில் புளோயரை வைத்து, புகையை உள்ளே அனுப்பிவிடாதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது அதைவிட மோசம். ஒரு பொறி போதும், துணியே பற்றி எரியும்.

[திரையில்: நான்கு வாயு மீட்டர், நீண்ட டியூப்.]

இறங்கும் முன் மேலே, நடுவில், அடியில் அளக்க வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் 2 நிமிடமாவது நிறுத்துங்கள், டியூப் வழியாக வாயு வந்து சேர நேரம் பிடிக்கும். முதலில் ஆக்சிஜன்: 19.5 சதவீதத்துக்குக் கீழும் 23.5 சதவீதத்துக்கு மேலும் கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் எரிவாயு சென்சாரின் கணக்கும் தப்பும். அதனால்தான் இந்த வரிசை. எரிவாயு, வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழே. பிறகு நீண்ட கழியால் மேலிருந்தே சேற்றைக் கிளறி மறுபடி அளக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். எண் ஏறினால் மறுபடி புளோயர்.

இறங்குபவர் முழு உடல் ஹார்னெஸ் போட்டு, மூன்று கால் ஸ்டாண்டின் வின்ச்சோடு (கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் கருவியோடு) இணைந்திருக்க வேண்டும். மார்பில் ஒரு மீட்டர், ஓடிக்கொண்டே. புளோயரும் நிற்கக் கூடாது. கைவிளக்கு 24 வோல்ட்டுக்குள், வெடிப்புத் தடுப்பு வகை. பெல்ட், வெளியே ஒருவர் பிடிக்கும் கயிறு, 24 வோல்ட் எல்லாமே 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டவை. புதிதாக யாரும் கேட்கவில்லை. சாப்பிடப் போய்த் திரும்பினால் பழைய பெர்மிட் (இறங்க எழுதித் தரும் அனுமதி) செல்லாது, அளவு முதலிலிருந்து.

[திரையில்: மேலே நிற்பவர், கை வின்ச் கைப்பிடியில்.]

மேலே நிற்பவருக்கு ஒரே வேலை, பார்த்துக்கொண்டிருப்பது. டீ வாங்க அனுப்பாதீர்கள். உள்ளே பதில் வரவில்லை என்றால் வின்ச்சைச் சுற்றுவார், கத்தி ஆள் கூப்பிடுவார், இறங்க மாட்டார். வின்ச்சில் மேலே கொண்டுவர முடியாத இடம் என்றால் அங்கே ஆளை இறக்கவே கூடாது.

மேலே வந்தவரைக் காற்று வரும் பக்கம் கிடத்துங்கள். மூச்சில்லை என்றால் மார்பு அழுத்தம் தொடங்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், பை முகமூடி (பையை அழுத்திக் காற்று செலுத்தும் முகமூடி) இருந்தால் அதுதான். 108க்கும் தீயணைப்புக்கு 101க்கும் அழைக்கும்போது "ஒருத்தர் விழுந்துட்டார்" என்று மட்டும் சொன்னால் போதாது. "தொட்டிக்குள் விஷவாயு, மூச்சுக் கருவியோடு வாங்க" என்று சொல்லுங்கள்.