செருப்பு கழன்றது தெரியவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. அப்படி என்னிடம் வந்த ஒரு அம்மா. ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷம், 40 கிலோ குறைந்திருந்தார். "கடைத்தெருவில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிவந்து, அக்கா உங்க செருப்பு அங்கேயே கிடக்குதுன்னான். கழன்றதே எனக்குத் தெரியலைங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைட்டமின் பி12 குறைந்து நரம்பு கெடும்போது பாதம் இப்படித்தான் மரத்துப்போகும். சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு வருஷத்துலயே நிறுத்திட்டேன். நல்லாத்தானே இருக்கேன்!"

நன்றாகத்தான் இருந்திருப்பார். கல்லீரலில் இருக்கும் பி12 இருப்பு சில வருஷம் தாக்குப்பிடிக்கும். கல்லாவில் பணம் இருக்கிறவரை வியாபாரம் படுத்தது தெரியாத கடை மாதிரி.

இந்த ஆபரேஷன்களில் ஒன்று ஸ்லீவ். அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; மிச்சம் வாழைப்பழம் போல ஒரு குழாய். இன்னொன்று பைபாஸ். பைபாஸ் என்றதும் பலரும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இது இரைப்பை பைபாஸ். சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் மேலே விட்டு, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். குடலின் தொடக்கப் பகுதியைச் சாப்பாடு தொடுவதே இல்லை. இரும்பையும் கால்சியத்தையும் அதிகம் உறிஞ்சுவது அந்தப் பகுதிதான். பி12 கதை வேறு. அதை உணவிலிருந்து பிரிக்க அமிலம் வேண்டும், குடல் உறிஞ்ச இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வேண்டும். இரண்டு ஆபரேஷனிலும் இவை குறைந்துபோகின்றன. ஆகவே மாத்திரை ஆயுசுக்கும் உண்டு.

அமெரிக்க எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாக, அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசியாக. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரும்பு தினம் 45 முதல் 60 மில்லிகிராம். ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம். உங்கள் அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களிலும் பலர் காலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஃபில்டர் காபியோடு விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காபியும் டீயும் விடாது. இரும்பைத் தனியாக எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். இரண்டு மணி நேரமாவது கழித்துக் கால்சியம். அதையும் ஒரே தடவையில் 600 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பிரித்துப் போடுங்கள். அமிலம் குறைந்த வயிற்றுக்கு கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நல்லது. கடையில் அட்டையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். அப்புறம், "ரத்தம் ஊற" என்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறவர்கள் கவனியுங்கள். ரத்தசோகை சரியாவது போலத் தெரியும், பி12 இல்லாத நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

இதுவரை சொன்னது மெதுவாக வருவது. வேகமாக வருவது பி1, தயமின். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தீட்டிய வெள்ளைச் சோறு மட்டுமே தின்ற ஜாவாக் கோழிகள் கால் துவண்டு விழுந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கவனித்தார். அதுவும் இந்தச் சத்து இல்லாமல்தான். (நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கலரிசிக்கு அந்தப் பெருமை உண்டு.) ஆபரேஷனுக்குப் பிறகு நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லையா? "வயிறு சின்னதாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உட்காராதீர்கள். பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்ற வந்தால், "இரைப்பை ஆபரேஷன் ஆனவர், முதலில் பி1 ஊசி போடுங்கள்" என்று சொல்லுங்கள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைக்கு ஆபத்து.

அந்த அம்மாவுக்கு ஊசி தொடங்கினோம். மரப்பு பாதி போயிருக்கிறது, மீதி போகுமா என்று என்னால் சொல்லமுடியவில்லை. இப்போது குதிகாலில் வார் வைத்த செருப்புதான் போடுகிறார்.

வணக்கம்.